மேலோடி வந்த காலம்

எங்கள் பாடநூல்கள் 'மேலோடி' என்றும் தமிழ்நாட்டார் 'உலாவி' என்றும் வழங்கும் கணினிக் கருவிக்கு ஆங்கிலத்தில் அமைந்த பெயர், ஆடுமாடுகளின் மேய்ச்சலோடு தொடர்புடையது என்பதை மாணவருட் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 'பிரௌஸ்' என்னுஞ் சொல், ஆதியில் தளிரையுங் குழையையும் எட்டிக் கடித்துண்ணும் விலங்கின் செயலைக் குறித்தது. பின்னர், புத்தகசாலையில் நின்றபடியே ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் மனிதனைக் குறித்தது. இறுதியில் இணையத்தை வந்தடைந்தது. 'உலாவி' என்னும் பெயர் அழகானதுதான். கையை வீசிக்கொண்டு காலிமுகக் கடற்கரையில் நடப்பது போன்றதொரு தோற்றத்தை அது தருகின்றது. ஆயினும், 1990களின் நடுப்பகுதியில் இந்நாட்டிலிருந்து இணையத்தை எட்டிப் பார்த்த எமது அனுபவத்திற்கு அப்பெயர் சற்றும் ஒவ்வாது. நாங்கள் உலாவவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து எட்டிய மட்டும் ஒரு வாய் குழை கடித்தோம்; அவ்வளவே.

அந்தக் காலத்தைப் பற்றி எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. இன்றைய இளைஞர் பிறக்கும்போதே இணையம் வீட்டில் இருந்தது. மழை பெய்வதைப் போலவும் வெயில் எறிப்பதைப் போலவும் அதனை அவர்கள் இயற்கையின் பாற்பட்டதாகவே கருதுகிறார்கள். அதில் நாம் மேலோடியாற் காணும் வலைக்கு ஒரு பிறந்த ஊரும் பிறந்த ஆண்டும் உண்டு. சுவிற்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அணித்தாயுள்ள 'சேர்ண்' என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில், 1989 மார்ச்சில், ரிம் பேர்னேர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். பல தேசங்களிலிருந்தும் வந்து போகும் விஞ்ஞானிகளின் குறிப்புக்கள் சிதறுண்டு மறைந்து போகாமல், ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டுக் கிடைக்க வழி செய்யவேண்டும் என்பதே அதன் சாரம். 1990ஆம் ஆண்டின் இறுதியில், 'நெக்ஸ்ற்' என்னும் கணினியிலே முதல் மேலோடியை அவர் எழுதி முடித்தார்.

அந்த முதல் மேலோடியைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது படிப்பதற்கு மட்டும் அமைந்ததன்று, எழுதுவதற்கும் அமைந்தது. பிறர் எழுதிய பக்கத்தை எந்தச் சாளரத்திற் படிக்கிறோமோ, அதே சாளரத்திற் புதிய பக்கம் ஒன்றை எழுதித் தொடுக்கவும் இயலும். படிப்போன் வேறு, எழுதுவோன் வேறு என்ற பாகுபாடே அங்கில்லை. ஆனால், நெக்ஸ்ற் கணினி விலை மிக்கது, சிலரிடமே இருந்தது. ஆகவே, நிக்கொலா பெலோ என்ற மாணவி, எத்தகைய கணினியிலும் இயங்கவல்ல எளிய மேலோடி ஒன்றை எழுதினார். அதிலே எழுத்துக்கள் வரி வரியாக வரும்; வேண்டிய இணைப்பின் இலக்கத்தைத் தட்டினால் அடுத்த பக்கம் வரும். அதிற் படிக்கலாம்; எழுத முடியாது. உலகெங்கும் பரவியது இந்த இரண்டாவது வகைதான். பிற்காலத்து மேலோடிகளுட் பெரும்பாலானவை இதன் வழியையே பின்பற்றின. எழுதும் உரிமை மறுபடி சாதாரண வாசகனிடம் வந்து சேரப் பல ஆண்டுகள் கழிந்தன.

1993 ஏப்ரில் 30ஆந் திகதி, சேர்ண் நிறுவனம் இந்த நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பாவிக்கலாம் என்று எழுத்தில் உறுதி கூறிற்று. அந்த உறுதி இல்லாதிருந்தால் கொழும்பிலிருந்த என்னைப் போன்றோர் இணையத்தைக் கண்ணாற் கண்டிருப்போமா என்பது ஐயமே.

ஆதி மேலோடிகளை எழுதியவருட் பலர் மாணவர்கள் என்பது ஆசிரியர்களாகிய எமக்கு மகிழ்ச்சி தரவேண்டிய செய்தி. 1992இல் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் 'எர்வைஸ்' என்ற மேலோடியைச் செய்தார்கள். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்கிளியில் பெய் வெய் என்பவர் 'வயோலா'வைச் செய்தார். கன்சாஸ் பல்கலைக்கழகத்திற் பிறந்த 'லின்க்ஸ்' படமே காட்டாது, வெறும் எழுத்துத்தான். மெதுவான கணினி வைத்திருந்தோருக்கு அது பெருந்துணையாயிற்று. இவை யாவற்றையும் மறைத்து எழுந்தது இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அண்டிறீசன், எரிக் பீனா என்ற இருவர் எழுதிய 'மொசேயிக்'. 1993இன் தொடக்கத்தில் அது வெளிவந்தது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலான மேலோடிகளில் படம் தனிச் சாளரத்திலேதான் திறக்கும். மொசேயிக்கிலோ எழுத்தினிடையே படமும் வந்து அமர்ந்தது. புத்தகத்தின் ஏட்டைப் போலக் காட்சியளித்த அந்தப் பக்கத்தைக் கண்டபின் உலகம் வேறொன்றையும் விரும்பவில்லை.

அண்டிறீசன் படிப்பை முடித்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனார். ஜிம் கிளார்க் என்ற செல்வருடன் கூடி 1994இல் அவர் தொடங்கிய நிறுவனமே நெற்ஸ்கேப். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர்களுடைய மேலோடியின் முன்னோட்டப் பதிப்பு வெளிவந்தது. மறு ஆண்டு ஆகஸ்ற் 9ஆந் திகதி, இலாபம் காட்டியிராத அந்த இளங் கம்பனியின் பங்கு, 28 டொலருக்கு விலை குறிக்கப்பட்டு, மாலையில் 58 டொலருக்கு மேல் நின்றது. பங்குச் சந்தைக் கதை எனக்கு அவ்வளவு சுவையானதன்று. எனக்கு நினைவில் நிற்பது மேல் மூலையில் இருந்த அந்த 'என்' என்னும் எழுத்துத்தான். அடிவானத்தில் நிற்கும் அவ்வெழுத்தின் மேல் எரிகொள்ளிகள் பாய்ந்து விழும். அவை விழுந்துகொண்டிருக்கும்வரை பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்பது பொருள். அவை நின்றுவிட்டால், ஒன்றில் பக்கம் வந்து முடிந்தது, அல்லது தொலைபேசி அறுந்தது.

இலங்கையிலே பொதுமக்களுக்கான வணிக இணையச் சேவை 1995இல் தொடங்கியது. அதற்கு முன்னரே, மொறட்டுவைப் பல்கலைக்கழகம் முதலியவற்றை இணைத்த 'லேர்ண்' என்னும் கல்வி வலையின் மூலம் பல்கலைக்கழகத்தார் மின்னஞ்சல் பரிமாறி வந்தனர். எம் போன்ற பாடசாலை ஆசிரியர்களுக்கு அது கேள்விச் செல்வமாகவே இருந்தது. நான் முதன்முதல் மேலோடி ஒன்றை நேரிற் கண்டது 1997இல், வெள்ளவத்தையில், வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புக்களுக்காகச் சனங்கள் வாங்குகளில் காத்திருந்த ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தின் பின்னறையில். முன்னறையிலே கனடா, இலண்டன், பாரிஸ் என்று பெயர் கூப்பிடப்படும். கூப்பிடப்பட்டவர் கண்ணாடிக் கூண்டினுள் ஓடுவார். பின்னறையில் ஒரேயொரு கணினி. நிமிடக் கணக்கிற் காசு.

மொடெம் எழுப்பிய ஓசையை அக்காலத்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். முதலில் தொலைபேசி எண் சுழலும். பின் மறுமுனையில் நீண்ட சீழ்க்கையொலி. அது வெறும் வணக்கமன்று. 2,100 ஹேர்ட்ஸ் அளவில் அமைந்த அந்த ஒலி, மனிதர் கதைப்பதற்காகத் தொலைபேசித் தடத்தில் வைக்கப்பட்ட எதிரொலித் தடுப்பான்களைச் செயலற்றிருக்கச் சொல்லும் கட்டளை. அதன் பின் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று சோதிக்கும். இந்தக் கம்பி எவ்வளவு நல்லது, எந்தச் சுருதியில் இரைச்சல் மிகுதி, எத்துணை வேகமாய்க் கதைக்கலாம் என்பவற்றையெல்லாம் தட்டிப் பார்த்து உடன்பாட்டுக்கு வரும். தவில் வித்துவானும் நாதஸ்வரக்காரரும் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பதைப் போன்றது என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன். இறுதியில் அருவி விழுவது போன்ற ஓர் இரைச்சல், உடனே அமைதி. அந்த அமைதிக்காக எத்தனை நெஞ்சங்கள் படபடத்தன! உடன்பாடு முறிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். காசு என்னவோ தொடர்ந்து ஓடும்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். அந்நிலையத்திலிருந்தது செக்கனுக்கு 28,800 பிற்றுக்கள் அனுப்பும் மொடெம். எட்டுப் பிற்றுக்கு ஓர் எழுத்தென்று கொண்டால், ஆகக்கூடியது 3,600 எழுத்து. சிறியதொரு புகைப்படம் 50,000 எழுத்துக்குச் சமம் என்றால், எல்லாம் நன்றாக நடந்தாற் பதினான்கு செக்கன். நன்றாக நடப்பது அபூர்வம். கம்பியின் இரைச்சலால் வேகம் பாதியாகும். ஒரு நெகிழ்வட்டை நிறைக்கும் அளவு சரக்கை இறக்க, குறைந்தது ஏழு நிமிடமாவது வேண்டும். நெற்ஸ்கேப்பின் சிறப்பு யாதெனில், படம் வந்து முடியுமட்டும் வாசகனைக் காக்க வைக்காமல், எழுத்தை முன்னே காட்டிவிட்டுப் படத்தைப் பின்னே நிரப்பும். அந்நிலையத்து இளைஞன், "சேர், தலைப்பு வந்திட்டுது, மிச்சம் வரும், ஆறுதலா வாசியுங்கோ" என்பான். ஆறுதலாக வாசிக்கத்தான் செய்தோம். இன்று ஒரே பார்வையில் நூறு பக்கங்களைத் தள்ளிவிடும் நான், அன்று ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தேன் என்பதை என் மாணவர்கள் நம்பமாட்டார்கள்.

அந்நாளில் நான் பார்த்த விந்தைகளுள் ஒன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தின் கோப்பிப் பாத்திரம். கட்டடத்தின் வேறு பகுதிகளில் இருப்போர், கோப்பி இருக்கிறதா என்று அறியாமல் வந்து ஏமாறாதிருக்க, 1991இல் அதன் முன்னே ஒரு படக்கருவியை வைத்தார்கள். 1993இல் அது இணையத்தில் ஏறியது. 2001 ஆகஸ்ற் 22ஆந் திகதி நிறுத்தப்படும்வரை உலகம் அப்பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தது. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு, கேம்பிரிட்ஜில் யாரோ குடிக்கப்போகும் கோப்பிக்காக நானும் காசு கொடுத்துக் காத்திருந்தேன்.

பின்னறைக் கணினியுங் கிட்டாதவர்க்கு இந்நாட்டில் ஓர் அரிய வழி அமைந்தது. 1990களின் இறுதியில், கொத்மலைச் சமுதாய வானொலி நிலையத்தார் யுனெஸ்கோவின் துணையுடன் இணைய வசதி பெற்று, கேட்போர் கடிதத்தில் எழுதியனுப்பும் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, அதனைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்லி ஒலிபரப்பினார்கள். கணினியைத் தொட்டறியாத கமக்காரன் ஒருவன், அறிவிப்பாளரின் வாயினூடாக இணையத்தில் உலாவினான்! மேலோடிகளின் வரலாற்றை எழுதுவோர் இதனைச் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. அதே பத்தாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்து வீடுகளில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை என்பதையும் அதனோடு சேர்த்து நினைக்கவேண்டும். மொடெத்தின் ஓசை அங்கு பரவலாகக் கேட்டது 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகுதான்.

இனித் தமிழ் எழுத்தின் கதைக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்காகச் செய்யப்பட்ட அந்த மேலோடிகளுக்குத் தமிழ் என்று ஒன்று உண்டென்பதே தெரியாது. எனவே எம்மவர் ஒரு தந்திரஞ் செய்தனர். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து ஓர் எழுத்துருவை ஆக்கினார்கள். கணினி ஆங்கிலமென்று எண்ணிக் காட்டும். கண் தமிழென்று படிக்கும். ஈழத்தவர் பெரிதும் பாவித்த பாமினி எழுத்துருவில், 'தமிழ்' என்ற சொல்லை எழுத, ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தட்டவேண்டும். பாமினி உள்ளவனுக்கு அது தமிழ். இல்லாதவனுக்கு வெறும் பிதற்றல்.

இத்தகைய எழுத்துருக்கள் பல எழுந்தன. ஒன்றின் ஒழுங்கு மற்றொன்றில் இல்லை. சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி அவர்கள், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளையும் இணையத்தில் ஏற்றிய 1995ஆம் ஆண்டு முயற்சியில் தமிழைத் திரையேற்றி வழிகாட்டினார். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இரசாயன அறிஞராய் விளங்கிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கியளித்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடக்கிப் பழந்தமிழ் நூல்களை இலவசமாய்க் கிடைக்கச் செய்தார். லோசானும் ஜெனீவாவும் ஒரே ஏரியின் கரையில் உள்ளவை. வலை பிறந்த நீர்நிலையின் கரையிலிருந்தே சங்க நூல்களும் வலையேறின என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கொரு மகிழ்ச்சி.

இந்த வேளையில் மேலோடிகளிடையே போர் மூண்டது. 1995இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம், மொசேயிக்கின் வழிவந்த உரிமத்தைப் பெற்று இன்ரநெற் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. 1997இல் அதன் நான்காம் பதிப்பு வெளிவந்த இரவில், மைக்ரோசொவ்ற் ஊழியர் தம் இலச்சினையாகிய பெரிய 'ஈ' எழுத்தை நெற்ஸ்கேப்பின் புற்றரையிற் கொண்டுபோய் வைத்ததும், விடிந்ததும் நெற்ஸ்கேப்பார் அதனைச் சரித்துவிட்டுத் தம் பூதப்பல்லியை அதன்மேல் ஏற்றி, 'நெற்ஸ்கேப் 72, மைக்ரோசொவ்ற் 18' என்று பலகை மாட்டியதும் பலரும் இரசித்த வேடிக்கை. எமக்கோ அது வேடிக்கையாய் முடியவில்லை. பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் நுட்பத்தை இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், வெவ்வேறு முறையில் அமைத்தார்கள். நெற்ஸ்கேப்புக்கென்று பொதிந்த எழுத்துரு எக்ஸ்புளோரருக்கு ஆகாது; அதற்கானது இதற்கு ஆகாது. தமிழ்ப் பத்திரிகை ஒன்று இணையத்தில் வருவதாயின் இரண்டையும் பொதிந்து வைக்கவேண்டும். இயலாதவர்கள் ஒன்றை மட்டும் வைத்தார்கள். பாதி வாசகர்க்குப் பத்திரிகை. மீதிப் பேர்க்குக் கிறுக்கல்.

போரின் முடிவு யாவரும் அறிந்தது. நெற்ஸ்கேப் 1998இல் தன் மூலநிரலை உலகுக்கு ஈந்தது. அதன் வழித்தோன்றலாகிய பயர்பொக்ஸ் 2004 நவம்பரில் வந்தது. 2008இல் நெற்ஸ்கேப்பின் ஆயுள் முடிந்தது. வென்றதாய்க் கருதப்பட்ட எக்ஸ்புளோரரும் 2022 யூன் 15ஆந் திகதி ஓய்ந்தது. 1991இலேயே யுனிக்கோட் முறையில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், சாதாரண கணினிகளில் அது செவ்வையாய்த் தெரியத் தொடங்கியது 2000, 2001ஆம் ஆண்டுகளில் வந்த விண்டோஸ் பதிப்புக்களோடுதான். அதற்குப் பின் எழுதப்பட்டவை பிழைத்தன. முன் எழுதப்பட்டவை?

என்னுடன் படிப்பித்த நண்பர் ஒருவர் 1996இல் ரொறொன்ரோவுக்குப் போனார். பனிக்காலங்களில் வேலை முடிந்து வந்து பாடல்கள் எழுதினார். எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பாமல், 1999இல் இலவசமாய் இடந்தந்த ஒரு தளத்தில் அவற்றை ஏற்றினார். மொத்தம் இருபத்தேழு பாடல்கள். எழுத்துருவும் தாமே திருத்தியமைத்தது. பாமினியின் ஒழுங்கு தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். வெள்ளவத்தைப் பின்னறையில் அந்த எழுத்துருவை இறக்கி நிறுவிப் பத்துப் பாடல்கள் வரை நான் படித்தேன். அவர் 2011இற் காலமானார். இலவச இடந்தந்த தளம் அதற்கு முன்னரே மூடப்பட்டிருந்தது. வீட்டுக் கணினி எப்போதோ கழிக்கப்பட்டுவிட்டது. கையெழுத்துப் பிரதி ஒன்றுமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகள் எனக்கு எழுதினாள்: "மாமா, அப்பாவின் பக்கத்தை இணைய ஆவணக் களஞ்சியத்தில் கண்டுபிடித்தேன். ஒன்றும் வாசிக்க முடியவில்லை." பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் அந்தக் களஞ்சியம் 1996இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது, 2001 முதல் எவரும் அதனைத் திறந்து பார்க்கலாம். அதில் நண்பரின் பக்கம் இருந்தது, எழுத்துரு இல்லை. பக்கத்தின் மறைகுறியில் எழுத்துருவின் பெயர் மட்டும் இருந்தது. அது அவருடைய தாயாரின் பெயர்.

கல்வெட்டுப் படிப்போர் செய்வதையே நானும் செய்யவேண்டியதாயிற்று. நல்லவேளையாக, எந்த எழுத்துருவிலும் தமிழ் தன் இயல்பை மறைத்துக்கொள்ளாது. மெய்ப்புள்ளியைத் தனிக் குறியாக வைத்திருந்தால், அதுவே அடிக்கடி வரும். முதலில் அதனைக் கண்டேன். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும், அச்சுக்கோப்பவர் ஈயவெழுத்தை அடுக்குவது போல, மெய்க்கு முன்னே நின்றன. 'கொடி' என்ற சொல்லில் முதலிற் கொம்பு, பின் ககரம், பின் அரவு. யுனிக்கோட்டில் ககரமே முன்னிற்கும். ஆகவே எழுத்தை மாற்றுவதோடு இடத்தையும் மாற்றவேண்டும். பழைய அச்சுக்கூடங்களை அறிந்தவனாகையால் இது எனக்கு விளங்க நெடுநேரம் ஆகவில்லை. நான் முன்னர்ப் படித்த பாடல்களுள் ஒன்றின் தலைப்பு நினைவிலிருந்தது. அதனைத் திறவுகோலாக வைத்துப் பன்னிரண்டு எழுத்தைக் கண்டேன். எதுகையும் மோனையும் பல இடங்களில் உதவின. இரண்டாம் எழுத்து இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்று யாப்பு கையைப் பிடித்துக் காட்டிற்று. மரபை விட்டுப் புதுக்கவிதை எழுதியிருந்தாராயின் நான் அரைவழியில் நின்றிருப்பேன்.

நான்கு மாதத்தில் இருபத்தேழும் படிக்கக் கிடைத்தன. ஓரிரு கிரந்த எழுத்துக்களில் மட்டும் ஐயம். மகளிடங் கேட்டுத் தீர்த்துக்கொண்டேன். நண்பரைப் பெருங்கவிஞர் என்று சொல்லமாட்டேன். ஊரின் மேல் ஏக்கங்கொண்டு எழுதிய பத்துப் பாடல்கள் எல்லோரும் எழுதுவனவே. ஆனால், இரவுவேலைத் தொழிற்சாலையைப் பற்றிய ஆறு பாடல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் போன்றவை அக்காலத்தில் அச்சில் வந்ததாக நான் கண்டதில்லை. இதைப்போல எத்தனை பக்கங்கள் பிறருடைய எழுத்துருவுக்காகக் காத்துக் கிடக்கின்றனவோ! பாமினியில் எழுதப்பட்டவற்றை மாற்றுவதற்கு இன்று கருவிகள் உண்டு. ஒரு நொடியில் மாறும். தனியொருவர் செய்த எழுத்துருக்களுக்கே ஆளில்லை. பழைய நெகிழ்வட்டுக்களை வீட்டில் வைத்திருக்கும் ஆசிரியர்கள், அவற்றை எறிவதற்கு முன் எழுத்துருக் கோப்பு ஏதும் அவற்றில் உண்டா என்று பார்த்தல் நன்று.

நூல் இப்போது ரொறொன்ரோவில் அச்சுக்கு ஆயத்தமாகிறது. பதினான்காம் பாடலின் மேலே ஒரு படம் இருந்திருக்கிறது. களஞ்சியம் எழுத்தைச் சேமித்தது, படத்தைச் சேமிக்கவில்லை. அவ்விடத்திலே சிறு குறியோடு கூடிய வெறும் பெட்டியும், அதன் கீழே 'எங்கள் வீட்டுக் கிணறு' என்ற மூன்று சொற்களும் மட்டும் இருக்கின்றன. ஊரிலே அந்தக் கிணறு இன்றில்லை. வேறு படமுங் கிடைக்கவில்லை. பெட்டியை வெறுமையாகவே அச்சிடலாம் என்று நான் எழுதினேன். மகள் இன்னும் மறுமொழி எழுதவில்லை.